ஓடிஸ் ரெட்டிங்கின் டேப்புகளைக் கையில் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மறுவெளியீட்டாளர்களுக்கும் ஒலிப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் மொனோனா ஏரியில் விமானம் விழுந்து அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஓடிஸ் ரெட்டிங் இறந்தபோது அவருக்கு வயது 26. மெம்ஃபிஸ் நகரத்து இசைத்தட்டு நிறுவனமான ஸ்டாக்ஸுக்காக அவர் பாடியது 1962 முதல் அந்த மாதம் வரை, ஐந்து வருடம் சொச்சம். அதிலும் 1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் ஸ்டாக்ஸின் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்து, எத்தனையோ கலைஞர்களின் டேப்புகள் சாம்பலாயின. மிஞ்சியதை மெருகேற்றப் போய்க் கெடுத்துவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதலில், மோனோவை, அதாவது இடம் வலம் பிரியாத ஒரே தட ஒலியை, மோனோவாகவே விடுங்கள். மெம்ஃபிஸில் மெக்லெமோர் அவென்யூ 926ஆம் எண் கட்டடம் பழைய சினிமா தியேட்டர். சரிவான தரையைக்கூட மாற்றாமல்தான் ஸ்டூடியோ ஆக்கினார்கள். பாட்டு, டிரம்ஸ், கிடார், டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் ஒரே அறையில், ஒரே நேரத்தில். 1965இன் நடுப்பகுதி வரை ஒற்றைத் தட மெஷின்தான். குரலுக்கு எவ்வளவு, ஊதுகருவிகளுக்கு எவ்வளவு என்பது பாடும்போதே முடிவாகிவிடும். பிற்பாடு மிக்ஸ் செய்ய எதுவும் இல்லை. டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சனின் ஸ்னேர் டிரம் அடி ஓடிஸின் மைக்கிலும் விழுந்திருக்கும். இப்போது மென்பொருளால் குரலைத் தனியே உருவினால், அந்த ஸ்னேரின் வால் குரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘ஸ’கர ஒலிகள் தண்ணீருக்குள் கேட்பதுபோல் குழைகின்றன. எல்பி காலத்துப் போலி ஸ்டீரியோவும் இதே வினைதான். கீழ் ஸ்தாயி ஒரு பக்கம், மேல் ஸ்தாயி மறுபக்கம், நடுவே சிறு தாமதம். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்று, குரல் உள்ளீடற்றதுபோல் ஒலிக்கும்.

டேப்பிலிருந்து மாற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். கால் அங்குல முழுத்தட டேப்பை முழுத்தட ஹெட்டில்தான் (டேப்பைப் படிக்கும் காந்தமுனை) ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ரீலுக்கும் ஹெட்டின் சாய்கோணத்தைத் திருத்துங்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பிறகு வேறு மெஷினில் பதிந்த துண்டு வந்தால் அங்கே மறுபடியும். இதை விட்டால் முதலில் போவது சிம்பலின் பளபளப்பு. ரீலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஒளி ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அசிடேட்டை ஒருபோதும் சூடுபடுத்தக் கூடாது. அந்த வைத்தியம் எழுபதுகள் முதல் வந்த, பசை கசியும் டேப்புகளுக்கு மட்டும்தான். பழைய ஒட்டுகள் காய்ந்திருக்கும், ஓட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். வேகத்தைச் சரிபார்க்கக் கிடாரின் சுருதியை நம்பாமல், மின்சாரத்தில் இயங்கும் ஹாமண்ட் ஆர்கன் ஒலிக்கும் இடத்தைப் பிடியுங்கள். அதன் மோட்டார் மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸோடு பூட்டப்பட்டது, லேசில் இறங்காது.

பிறகு சத்த அளவு. ‘டிரை எ லிட்டில் டெண்டர்னஸ்’ 1966இல் பதிவானது. தணிந்து தொடங்குகிறது, ஜாக்சன் டிரம்மின் விளிம்பில் கடிகாரம்போல் தட்டிக்கொண்டே இருக்கிறார், ஒவ்வொரு கருவியாகச் சேர்ந்து, கடைசியில் அறையே அதிர்கிறது. உரத்த ஒலியை வெட்டிச் சமமாக்கும் லிமிட்டரை அழுத்தினால் அந்தத் தட்டலும் இறுதி முழக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். ஏறுவதற்குப் படியே இல்லாத அந்தப் பாட்டு யாருக்கு வேண்டும்? இரைச்சல் நீக்குவதிலும் இதே நிதானம் தேவை. டேப்பின் ‘உஸ்’ஸோடு ஓடிஸ் மூச்சு இழுப்பதும் போய்விடும்.

பெயர்ச்சீட்டில் நடக்கும் குழப்பத்தை மட்டும் எங்களால் மன்னிக்க முடியவில்லை. ‘ஐ’வ் பீன் லவ்விங் யூ டூ லாங்’ இரண்டு தனித்தனிப் பதிவுகள். ஒன்று 1965 ஏப்ரலில் சிங்கிளாக வந்த மோனோ. மற்றது ஜூலையில் ‘ஓடிஸ் ப்ளூ’ ஆல்பத்துக்காக அட்லாண்டிக்கின் ஒலிப் பொறியாளர் டாம் டௌட் பொறுப்பில் ஸ்டீரியோவில் மறுபடி பாடியது. மோனோ எல்பியில் முதலாவதும், ஸ்டீரியோ எல்பியில் இரண்டாவதும் இருந்தன. இணையச் சேவைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர், பக்கத்தில் ‘ரீமாஸ்டர்’ என்றொரு சொல். பதிவான மாதத்தையும் மோனோவா ஸ்டீரியோவா என்பதையும் எழுத ஒரு வரி போதாதா?

கடைசியாக, அவரைக் குரலாக மட்டும் காட்டாதீர்கள். ஊதுகருவிப் பகுதிகளை அவரே வாயால் பாடிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். ‘ஃபா-ஃபா-ஃபா’ பாட்டில் காதில் விழுவது அந்தப் பழக்கமேதான். கிடாரை ஓப்பன் ‘ஈ’ சுருதியில் (கம்பிகளை அழுத்தாமல் மீட்டினாலே ‘ஈ’ மேஜர் ஒலிக்கும்படி) வைத்து, குறுக்கே ஒரே விரலால் அழுத்தி வாசித்ததால் அவருக்குக் கைவந்தவை மேஜர் கார்டுகள். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்; மேஜர் பளிச்சென்றும் மைனர் சோகமாகவும் கேட்கும். ‘டாக் ஆஃப் தி பே’ பாட்டின் தொடக்கத்தில் ஜி, பி, சி, ஏ என்று நான்கும் மேஜர். ஏட்டு இலக்கணப்படி பி-யும் ஏ-யும் மைனராக இருக்க வேண்டியவை. அந்தப் பாட்டின் ஏக்கத்துக்கு நடுவே கேட்கும் வெளிச்சம் இதனால் வந்தது. அலையோசையும் கடற்பறவையின் குரலும் அவர் இறந்தபின் ஸ்டாக்ஸின் கிடார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர் சேர்த்தவை. 1968 ஜனவரியில் வெளியாகி மார்ச்சில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உங்கள் கையேடுகளில் விபத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, இந்தக் கார்டுகளுக்கு இல்லை. அடுத்த பதிப்பில் பாட்டு பாட்டாகக் கார்டுகளையும், வாசித்தவர்களின் பெயர்களையும், எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மெம்ஃபிஸ் சோல் இசையைச் சேகரித்தும் மாற்றிப் பதிந்தும் வருவோர்