மஞ்சள் பால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் முழங்கால் தேய்மானத்துக்கான உணவுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மஞ்சள், இஞ்சி, மத்தி மீன், கீரை எல்லாம் நல்லவை, சரி. ஆனால் உடல் எடை பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. விஷயமே அங்குதான் இருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. கொழுப்புத் திசுவே அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும், தூண்டும் பொருள்களைச் சுரப்பதால், எடை இறங்கினால் அழற்சியும் தணிகிறது. அமெரிக்காவில் எடை கூடிய 454 பேரிடம் 18 மாதம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

என் அம்மா ஆறு மாதம் இரவுதோறும் மஞ்சள் பால் குடித்தார், இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு! வலி அப்படியே இருந்தது. அப்புறம் சர்க்கரையையும் மாலை நேர பஜ்ஜியையும் விட்டு, சோற்றைக் குறைத்து, சுண்டலும் கீரையும் கூட்டி, தொடைத் தசைக்கான பயிற்சியும் செய்தார். ஐந்து கிலோ குறைந்த பிறகுதான் மாடிப்படி ஏற முடிந்தது. தேய்ந்த குருத்தெலும்பு வளர்ந்துவிடவில்லை, வலிதான் குறைந்தது. ரேஷன் அரிசி வாங்கும் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் ஒரு வார உணவுப் பட்டியலை, உணவியல் நிபுணர் ஒருவரிடம் கேட்டு அடுத்த இணைப்பில் வெளியிடுங்கள். ஆலிவ் எண்ணெயும் சால்மன் மீனும் அதில் வேண்டாம்.

- வாசகர், கும்பகோணம்