ஏழு பாடம்

களுதாவளை
நவம்பர் 2

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாய் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மாரி பிடித்துவிட்டது. வெற்றிலைத் தோட்டத்தில் தண்ணீர் நின்றால் கொடி அழுகிவிடும் என்று காலையில் வாய்க்கால் வெட்டி விட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். படுவான்கரையில் மாமா விதைத்து முடித்துவிட்டார். வெள்ளம் வராவிட்டால் சரி.

போனில் கதைக்கத் தொடங்கினால் எனக்குச் சாப்பிட்டாயா, குளிரா என்பதோடு நேரம் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். தம்பி படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அவன் வாசித்தால் வாசிக்கட்டும்.

போன மூன்று தரமும் நான் படிப்பைப் பற்றிக் கேட்டேன். மூன்று தரமும் நீ சின்னவளுக்குப் பல் விழுந்த கதையைத்தான் சொன்னாய். பல் விழுந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மகள், ஒரு பல்லை மூன்று தரம் சொல்கிற பிள்ளை இல்லை நீ. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. இரவு வேலைக்கு மாறிவிட்டாய் என்று தம்பி வாய் தவறிச் சொன்னான், அவனை ஏசாதே. படிப்பை நிறுத்திவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன்.

ஒரு பாடமாவது பதிந்து வை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உன் கணக்கு முழுக்க என்னிடம் இருக்கிறது. பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, சாமி அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். பட்டத்துக்கு 120 கிரெடிட். வந்தாறுமூலைக் கெம்பஸில் நீ படித்த இரண்டு வருடத்துக்கு 60. அதில், இப்போது நீ ஒன்லைனில் படிக்கிற கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் 48ஐ எடுத்துக்கொண்டது. மிச்சம் 72. பாடத்துக்கு 3 என்றால் 24 பாடம். முடித்தது 17. ஒவ்வொரு முறையும் பாஸ் என்று நீ சொன்ன அன்றே ஒரு கோடு போட்டிருக்கிறேன். பதினேழாவது கோடு போட்டு எட்டு மாதமாகிறது. 99 கிரெடிட் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் 21க்கு, ஏழே ஏழு பாடத்துக்கு...

சரி. ஏசுவதற்கு எழுதவில்லை.

அந்த 12 கிரெடிட் போனபோது நீ அழுதாய். கணிதத்தில் மார்க் குறைந்த பாடத்தை விட்டார்கள், தங்களிடம் ஈடான பாடம் இல்லாததையும் விட்டார்கள் என்றாய். எனக்கு விளங்கவில்லை. படித்தது படித்ததுதானே, இதில் எப்படிக் கழிப்பார்கள் என்று கேட்டேன். பெயரை மட்டும் பார்க்கமாட்டார்கள் அம்மா, என்ன படிப்பித்தார்கள், எத்தனை மணித்தியாலம் விரிவுரை, எத்தனை மணித்தியாலம் செய்முறை, எல்லாம் பார்ப்பார்கள் என்று நீதான் சொல்லித் தந்தாய். அப்புறம் தம்பி ட்ரங்குப் பெட்டியைக் கிளறி, கறையான் ஓரம் தின்ற உன் பீடக் கைநூலை எடுத்து, பக்கம் பக்கமாய் ஸ்கேன் பண்ணி அனுப்பினான். அந்தக் கைநூல் இல்லாவிட்டால் 48ம் வந்திருக்காது என்று நீயே சொன்னாய். வீட்டில் இருக்கிற எல்லோரும் கை கொடுத்த படிப்பு இது.

இன்னொன்றும் நீ சொன்னாய், எனக்கு மறக்கவில்லை. ஒரு வருடம் ஒரு பாடமும் எடுக்காமல் விட்டால் பெயர் நின்றுவிடும், மறுகா புதிதாய் விண்ணப்பிக்க வேண்டும், அப்போது இருக்கிற விதிப்படி எல்லாவற்றையும் மறுபடி எண்ணுவார்கள் என்று. விஞ்ஞானப் பாடம் பத்து வருடம் பழசானால் எடுக்காத இடங்களும் இருக்கிறதாம். நீ வந்தாறுமூலையை விட்டு எத்தனை வருடம்? அந்த 48ஐ மறுபடியும் ஒருவர் மேசையில் வைத்து எண்ண விடாதே, மகள். ஒன்றே ஒன்று பதிந்து வை. லேசான பாடமாய்ப் பார்த்து எடு. ஒரு பாடத்துக்கு ஆறு மாதம் தருகிறார்களே. பத்தாம் திகதிக்குள் பதிந்தால் அடுத்த மாதம் முதலாம் திகதி தொடங்கலாம் என்பதும் நீ சொன்னதுதான். இன்றைக்கு இரண்டாம் திகதி.

காசுதான் காரணம் என்றால் சொல். வெற்றிலைக் காசு கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். அங்கத்தைய கட்டணத்துக்கு அது எந்த மூலைக்கு என்று தெரியும், இருந்தாலும் ஒரு பாடத்துக்குக் கை கொடுக்கும். இந்த வீடும் உன் பேரில்தான் இருக்கிறது, நான் உன் வீட்டில்தான் குடியிருக்கிறேன். மருமகனிடம் கேட்கத் தயங்குகிறாயா? அவர் நல்ல பிள்ளை. அவர் அம்மா ஏதாவது சொன்னாவா? இல்லையென்றால் விடு.

1981இல் அந்தக் கெம்பஸ் தொடங்கும்போது நான் பாடசாலைப் பிள்ளை. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடத்தில்தான் தொடங்கினார்கள். முதல் வந்தது விஞ்ஞானமும் விவசாயமும். அம்மப்பா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, இனி எங்கட பிள்ளைகளும் போகலாம் என்றார். அவருடைய ஏழு பிள்ளைகளில் ஒருவரும் போகவில்லை. பேரப்பிள்ளைகளில் நீதான் போனாய். முதல் நாள் ஏறாவூர், செங்கலடி எல்லாம் தாண்டி பஸ்ஸில் உன்னோடு வந்து, வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினேன். திரும்பி வரும் வழி முழுக்க பக்கத்தில் இருந்த ஆளிடம், மகள் விஞ்ஞானம் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஆரென்றே எனக்குத் தெரியாது.

இரண்டாம் வருடம் முடியச் சம்பந்தம் வந்தது. அப்பா, ஒரு வருடம் பொறுக்கச் சொல்வோம் என்றார். படிப்பு எங்கும் ஓடிவிடாது, நல்ல சம்பந்தம் ஓடிவிடும் என்று சொன்னது நான். அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அல்லது தெரிந்தும் நீ கேட்காமல் விட்டிருப்பாய்.

2016இல் ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது நீ இங்கே படித்த இரண்டு வருடத்துப் பெறுபேற்றுப் பத்திரம், எடுத்து அனுப்பச் சொன்னாய். பல்கலைக்கழகமே நேராக, உறையை ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலே சீல் வைத்து அனுப்ப வேண்டும், போய் விண்ணப்பம் மட்டும் கொடுங்கள் அம்மா என்றாய். நான் போனேன், கிளாக் லீவு என்றேன். மறுகா போனேன், பைல் தேடுகிறார்கள் என்றேன். மகள், நான் போகவே இல்லை. ஒரு நாளும் போகவில்லை. ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பிள்ளைகள் மேல் பழியைப் போட்டேன்.

நீ கனடா போன பிறகு, கோயிலடியில் கேட்டவர்களுக்கெல்லாம் மகள் பட்டம் முடித்துவிட்டாள் என்று சொல்லி வைத்திருந்தேன். பாதியில் இழுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டாய் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது, அதற்காக. மேற்குவீட்டுத் தம்பி அந்தக் கெம்பஸில்தான் வேலை. நான் போய் இரண்டு வருடத்துப் பெறுபேறு கேட்டால் அவனுக்குத் தெரியவரும், பிறகு ஊருக்கே தெரியவரும். ஒரு நாள் சேலை உடுத்தி, குடையும் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனேன். பஸ் வந்தது. ஏறவில்லை.

மூன்று வருடம் போனது. 2019இல் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்தபோது நீயே காலை பஸ்ஸில் போய் இரண்டு மணிக்குத் திரும்பினாய். ஒரு படிவம், ஒரு கட்டணச் சீட்டு, அவ்வளவுதான் அம்மா என்றாய். என் முகத்தைப் பார்த்தாய். பிறகு தயிர் முட்டியை எடுத்து வைத்துக்கொண்டு சோறு கேட்டாய். அன்றைக்கும் அதற்குப் பிறகும் நீ ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திராது.

அந்த மூன்று வருடத்தை நான் தின்னாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்த ஏழு பாடமும் முடிந்திருக்கும். இரவு வேலை வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். உன்னைப் படி படி என்று சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் அந்த பஸ்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

போன வெள்ளி கோயிலில் மேற்குவீட்டுத் தம்பியின் தாய் உன்னை விசாரித்தா. நான் சொன்னேன்: மகள் இங்கே பட்டம் முடிக்கவில்லை, நான்தான் நிறுத்தினேன், இப்போது அங்கே வீட்டில் இருந்தே ஒன்லைனில் படிக்கிறாள், ஏழு பாடம் இருக்கிறது. அவ, வேலையும் பிள்ளையும் வைத்துக்கொண்டா என்று கேட்டா. ஓம் என்றேன். மழை தூறியது, இரண்டு பேரும் மடத்து ஓரத்தில் நின்றோம். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்புறம், உன் வெள்ளைக் கோட். செய்முறைப் பாடம் ஒன்று ஆய்வுகூடத்துக்கு நேரில் போய்ச் செய்ய வேண்டும் என்று முன்பு சொன்னாய் அல்லவா? அலுமாரியில் பாச்சையுருண்டை போட்டு மடித்து வைத்திருந்ததை எடுத்துத் தோய்த்தேன். பைக்குப் பக்கத்தில் பெர்மாங்கனேற் பட்ட கபிலக் கறை இருக்கிறதே, தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தும் பாதிதான் போயிருக்கிறது. வெயில் இல்லை, குசினிக் கொடியில் காய்கிறது. பெரியம்மாவின் மகன் இந்த மாதக் கடைசியில் அங்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்து விடலாம். ஆனால் அந்த வயதில் நீ எவ்வளவு மெலிவு. தோளில் பிடிக்குமென்றால் தையலைப் பிரித்து இரண்டு விரல் விட்டுத் தைக்க வேண்டும். அளவு சொல்ல ஒரு தரம் எடு. பத்தாம் திகதிக்கு முன்னால் எடு.

அன்புடன்,
அம்மா