அந்த அளவைச் சொல்லுங்கள்: பிக்கப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிக்கப் வண்டிகள் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியியல் மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

"உற்பத்தி நிறுத்தப்பட்ட மாடல்களுக்குத் தொழில்நுட்பத் தகவல் வழங்கப்படுவதில்லை. அங்கீகரிக்கப்படாத மாற்றங்கள் பாதுகாப்பற்றவை." என் கேள்விக்கு உங்களில் ஒரு நிறுவனம் அனுப்பிய பதில் இவ்வளவுதான். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே பதிலை வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும் என்பதால், இந்தக் கடிதத்தை உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு அளவு. பின் ஆக்ஸிலையும் (பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு) பிரேக் வால்வையும் இணைக்கும் கம்பியை எத்தனை மில்லிமீட்டரில் வைக்க வேண்டும் என்பது. அவ்வளவுதான்.

அந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதை வடிவமைத்தவர்களே நீங்கள்தான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு இல்லாதபோது பிக்கப்பின் பின்பக்கத்தில் எடை குறைவு. வேகமாகப் போகும்போது அழுத்திப் பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்துவிடும்; பின் சக்கரங்கள் இறுகி நின்று, வண்டியின் வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சரக்கு ஏற்றிய பிறகு கதை வேறு. அப்போது பின் சக்கரங்களும் நன்றாகப் பிடித்தால்தான் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். இதற்காகத்தான் பல பிக்கப்களில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஒரு வால்வை வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியைப் பின் ஆக்ஸிலில் மாட்டியிருக்கிறீர்கள். சரக்கு ஏற ஏற வண்டி தாழும், ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளி குறையும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். சென்சாரோ கம்ப்யூட்டரோ எதுவும் கிடையாது. அருமையான ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அது முழுக்க முழுக்க ஒரே விஷயத்தை நம்பியிருக்கிறது: வண்டியின் பின்பக்கம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை. என் வண்டியின் பின்பக்க எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் வயதாகித் தொய்ந்துவிட்டன. புதுப் பட்டைகள் மாட்டினேன், கூடவே மெலிதாக ஒரு பட்டை சேர்த்தேன். அதிக சரக்கு ஏற்றும் எண்ணம் எனக்கு இல்லை. பட்டை சேர்த்தால் ஆக்ஸிலும் பிரேக்கும் சேஸிஸும் தாங்கும் எடை கூடிவிடாது என்பது எனக்குத் தெரியும். வழக்கமான சரக்கோடு போகும்போதும் பின்பக்கம் தரையில் இடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அது.

பின்பக்கம் உயர்ந்தது. உயர்ந்ததும் வால்வு, வண்டி எப்போதும் காலியாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. முழுச் சரக்கோடு ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கியபோது கிட்டத்தட்ட முன் பிரேக் மட்டுமே வேலை செய்தது. மூக்கு தாழ்ந்தது, பிரேக் பேட் கருகும் வாடை கேபினுக்குள் வந்தது, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பின்பக்கத்திலிருந்து ஒரு பிடிப்பும் இல்லை. ஓரமாக நிறுத்திக் கையை அருகில் கொண்டுபோனால், முன் சக்கரத்தில் அனல் அடிக்கிறது. பின் டிரம் வெறும் வெதுவெதுப்பாக இருக்கிறது. எங்கே கோளாறு என்று தெரிய இது போதும்.

சரிசெய்ய அரை மணி நேரம் ஆகாது. கம்பியின் மறுமுனையில் திருகி ஏற்றி இறக்க நீங்களே வசதி வைத்திருக்கிறீர்கள். ஸ்பேனர் இருக்கிறது, ஆள் இருக்கிறது. எந்த அளவுக்குத் திருக வேண்டும் என்பது மட்டும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் கம்ப்யூட்டரில் அந்த மாடலே வரவில்லை என்கிறார்கள். வெளிப் பட்டறையில் மெக்கானிக் நல்ல மனதோடுதான் சொன்னார்: "கம்பியை மேலே தூக்கி ஒரு கட்டுக்கம்பி போட்டுக் கட்டிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்." எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அப்படிக் கட்டினால் பின் பிரேக்குக்கு எப்போதும் முழு அழுத்தம் போகும். சரக்கை இறக்கிவிட்டு, மழை பெய்த சாலையில் காலி வண்டியோடு திரும்பும்போது முன்னால் யாராவது குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பாதுகாப்பற்ற மாற்றம் என்று எனக்கு எழுதினீர்கள். அதைப் பாதுகாப்பானதாக்கும் எண் உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு என்னை எச்சரிப்பது எந்த வகையில் நியாயம்? இத்தனைக்கும், பட்டை சேர்க்காமல் பழையபடியே புதுப் பட்டை மாட்டியிருந்தாலும் அந்த அளவு எனக்குத் தேவைப்பட்டிருக்கும். தொய்ந்த பட்டையோடு ஓடும் வண்டியில் வால்வு ஏமாறுவது எதிர்ப்பக்கமாக. காலி வண்டியையும் சரக்கு வண்டி என்று நினைத்துக்கொள்ளும். ஆக, மாற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பேச்சே இங்கே இல்லை. பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த அளவு வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இது: உற்பத்தியை நிறுத்திய மாடல்களின் பட்டறைக் கையேட்டையும் வயரிங் படத்தையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

வயரிங் படம் எதற்கு என்றால், ஹெட்லைட் ஒன்றே போதும் சொல்ல. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஸ்விட்ச் வழியாகவே போகிறது. 55 வாட் பல்பு இரண்டு என்றால் சுமார் 9 ஆம்பியர். வயர் பழசாகி, இணைப்புகளில் பச்சை பூத்தபின் வோல்டேஜ் இறங்கும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். ஒரு ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்), ஒரு ஃப்யூஸ், தடிமனான வயர் கொஞ்சம் இருந்தால் பழைய வெளிச்சம் திரும்பிவிடும், ஸ்விட்ச் உருகுவதும் நிற்கும். செலவும் அதிகமில்லை. ஆனால் சில பிக்கப்களில் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்கிறது, சிலவற்றில் எர்த் (நெகட்டிவ்) பக்கம் இருக்கிறது. எது எப்படி என்று தெரியாமல் ரிலே மாட்டினால் டாஷ்போர்டில் ஹைபீமைக் காட்டும் விளக்கு தப்பாக எரியும், சில சமயம் ஹெட்லைட்டே எரியாது. ஒரு பக்கப் படம் இருந்தால் தீரும் விஷயத்துக்கு, டாஷ்போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மீட்டரோடு ஒவ்வொரு வயராகத் தேட வேண்டியிருக்கிறது. சிலர் பொறுமை இழந்து கிடைத்த வயரில் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். வண்டி தீப்பிடிப்பது இப்படியும்தான்.

பழைய பிக்கப்பில் கை வைப்பவர்கள் என்றாலே சேஸிஸை உயர்த்தி, ராட்சத டயர் மாட்டி, புகை கக்கிக்கொண்டு ஓட்டுபவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களில் பெரும்பாலோர் கேட்பது கண் தெரிய வெளிச்சம், தொய்யாத ஸ்பிரிங், மூன்று புள்ளி சீட்பெல்ட். டயர் ஒரு சைஸ் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், அதைச் சரிசெய்யக் கியர்பாக்ஸில் எத்தனை பற்கள் உள்ள சக்கரம் போட வேண்டும் என்று கேட்கிறோம். இவை எல்லாமே வண்டியைப் பொறுப்போடு ஓட்ட நினைப்பவர்களின் கேள்விகள்.

தகவலைக் கொடுத்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும் என்ற தயக்கம் இருக்கலாம். அது எனக்குப் புரிகிறது. ஆனால் புது மாடல்களுக்கு, பாடி கட்டுபவர்களுக்கென்றே வழிகாட்டி நூல் போடும் நிறுவனங்கள் உங்களில் இருக்கின்றன. சேஸிஸில் எங்கே துளை போடலாம், எங்கே போடக் கூடாது, எந்த வயரில் இணைப்பு எடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். பாடி கட்டுபவருக்குச் சொல்லும் விஷயத்தை, உங்கள் ஒரே ஒரு வண்டியை வாங்கி இத்தனை காலம் பேணி வைத்திருப்பவருக்குச் சொல்வதில் என்ன தயக்கம்? செய்யக் கூடாததையும் அதிலேயே எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வோம். நீங்கள் சொல்லாதபோதுதான் யார் யாரோ சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் எங்களுக்குத் துணை வரவில்லை. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், பழுதுபார்க்கும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அது 2002 ஜனவரி 1 முதல் தயாரான வண்டிகளுக்குத்தான். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு உங்கள் மனசுதான் சட்டம்.

மனசு இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு உங்கள் துறையிலேயே சாட்சி இருக்கிறது. மஸ்தா தன் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காருக்கு மறுபடியும் பாகங்கள் செய்து தருகிறது. டொயோட்டா பழைய சுப்ராவுக்கும், 2021இல் அறிவித்து 40 வரிசை லேண்ட் குரூஸருக்கும் பாகங்கள் தருகிறது. சந்தோஷம். விரும்பிச் சேகரிப்பவர்களின் கார்களுக்கு அச்சு எடுத்துப் புதிதாகப் பாகமே வார்க்க முடிகிறது. நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. தினமும் சரக்கு சுமக்கும் வண்டிக்கு, ஏற்கெனவே அச்சிட்ட ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்து போடச் சொல்கிறேன். எங்கள் வண்டி விலை குறைந்தது என்பதற்காக அதில் உட்கார்ந்திருக்கும் உயிரும் விலை குறைந்ததாகிவிடுமா? பல வருடம் உழைக்கும் என்று சொல்லி விற்கிறீர்கள். முப்பதாவது வருடத்தில் அதை ஓட்டுகிறவருக்குப் பிரேக் அளவைச் சொல்ல மறுக்கிறீர்கள். இதில் எதை நாங்கள் நம்புவது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். நிறுத்திய மாடல்களின் பட்டறைக் கையேட்டையும் வயரிங் படத்தையும் வெளியிடுங்கள். இலவசமாகத் தர முடியாவிட்டால் நியாயமான விலை வையுங்கள், வாங்கிக்கொள்கிறோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தர முடியாது என்றால் பிரேக் சம்பந்தப்பட்ட பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்: வால்வுக் கம்பியின் அளவு, முன் பின் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அட்டவணை, அதைச் சோதிக்கும் முறை. என் வண்டியின் சேஸிஸ் எண் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. பதில் வரும்வரை வண்டியில் பாதிச் சரக்குதான் ஏற்றுகிறேன்.

நன்றியுடன்,
பழைய பிக்கப் ஒன்றின் உரிமையாளர்