கினபாலுவில் இறங்குவதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் சபா மாநிலத்துக் கினபாலு மலையேற்றம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. நம் பிள்ளைகள் மலையேறக் கிளம்பியிருப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பத்துமலைப் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறுகிறவர்களுக்குக் கினபாலு ஒரு பொருட்டே அல்ல என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பகீரென்றது.

அந்த 272 படி எங்கே, இந்த மலை எங்கே? நடை தொடங்கும் திம்போஹோன் வாயிலே 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் காரில் போய் இறங்கும் கெந்திங் மலை வாசத்தலத்தின் உயரத்தில்தான் அங்கே முதல் அடியையே எடுத்து வைக்கிறோம். அங்கிருந்து இரவு தங்கும் இடமான பனலாபான் வரை 6 கிலோமீட்டர். வழியெல்லாம் படிகள்தாம், ஆனால் ஒரே அளவில் கட்டிய கோயில் படிகள் அல்ல. வேரும் கல்லும் பலகையுமாக, சில இடங்களில் முழங்கால் உயரத்துக்கு வரும். இரவு தங்கிவிட்டு, விடிவதற்கு வெகுநேரம் முன்பே தலைவிளக்கோடு கிளம்பினால் 4,095 மீட்டர் உச்சிக்கு இன்னும் 2.7 கிலோமீட்டர்.

உங்கள் கட்டுரை அந்த உச்சியோடு முடிந்துவிட்டது. அன்றைக்கே 8.7 கிலோமீட்டரும் இறங்கியாக வேண்டும் என்பதை யார் சொல்வது? முழங்கால் வெடவெடப்பதும் கால்விரல் நகம் கறுத்துப்போவதும் இறக்கத்தில்தான். மழை பெய்த கருங்கல் பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது கையுறையும் நனைந்திருந்தால் பிடி நிற்காது. பத்துமலையில் பழகட்டும், புக்கிட் காசிங் குன்றில் பழகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இறங்கவும் சேர்த்துப் பழகட்டும்.

இன்னொன்று, உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோய். 2,500 மீட்டரைத் தாண்டினால் அது யாருக்கு வேண்டுமானாலும் வரும். தினமும் ஜிம்முக்குப் போகும் இளைஞன் சுருண்டு படுப்பான், பக்கத்தில் அவன் அத்தை தெம்பாகத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். எங்கள் நடைக்குழுவில் ஒரு சகோதரிக்குப் பனலாபானிலேயே தலைவலி தொடங்கிவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இரவில் கிளம்பினார். கயிறு தொடங்கும் இடத்துக்கு வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. எங்களோடு வந்த மாலிம் குனோங், அதாவது மலை வழிகாட்டி, சபாவின் பூர்வகுடியான டூசுன் இனத்தவர், விளக்கைத் தாழ்த்திப் பிடித்து அவர் முகத்தைப் பார்த்தார், பேர் கேட்டார், நேராக நாலடி நடக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, "துருன், காக்" என்றார், இறங்குங்கள் அக்கா என்று. கணவருக்கு மனசே இல்லை. "இவ்வளவு வெள்ளி கட்டி வந்திருக்கோம், கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போகலாமே" என்று மன்றாடினார். மாலிம் அசையவில்லை. கீழே இறங்க இறங்க அந்தச் சகோதரிக்குத் தலை தெளிந்தது. ஊருக்கு வந்த பிறகு சொந்தக்காரர்களின் வாட்சாப் குழுவில் அவர் பட்ட கிண்டல்தான் மலைநோயைவிட மோசம்.

கிண்டலடித்தவர்களுக்கு ஒரு செய்தி. அந்த உச்சிக்கு லோ சிகரம் என்று பெயர். 1851-இல் அந்த மலையில் ஏறிய ஹியூ லோ கடைசிச் சிகரத்தைத் தொடாமலேயே திரும்பியவர். அதை 1888-இல் தொட்டவர் ஜான் வைட்ஹெட். பெயர் என்னவோ திரும்பி வந்தவருக்குத்தான் கிடைத்தது!

3,668 மீட்டரில் இருக்கும் சாயாட் சாயாட் சாவடியில் கழுத்தில் தொங்கும் அனுமதி அட்டையைக் காட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் அங்கே போய்ச் சேராதவர்களுக்கு மேலே வழியில்லை. இதைக் கெடுபிடி என்று நம்மவர்கள் சிலர் முணுமுணுப்பதை நானே கேட்டிருக்கிறேன். பொழுது ஏற ஏற மேகமும் மழையும் பாறைமேல் வந்துவிடும் என்பது மாலிம்களுக்குத் தெரியும். 2015 ஜூன் 5 காலை, 6.0 அளவு நிலநடுக்கத்தில் அந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், மாலிம்களும் இருந்தார்கள். மேலே மாட்டிக்கொண்டவர்களைப் பாறை உருண்டு கொண்டிருக்கும்போதே கீழே கூட்டி வந்தவர்கள் இறந்த மாலிம்களின் தோழர்கள்தாம். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை என்பதே உங்கள் கட்டுரையில் இல்லை. சமையல் வாயுத் தோம்பைக்கூட முதுகில் சுமந்து மேலே கொண்டுபோகும் சுமைதூக்கிகளைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. நமக்கு அங்கே சூடாகச் சோறு கிடைப்பது அவர்களால்தான்.

அடுத்த முறை எழுதும்போது, சாவடியின் நேரக் கட்டுப்பாட்டையும் மலைநோயின் அறிகுறிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். கோத்தா கினபாலுவுக்கு இங்கிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். ஒரு நிருபரை அனுப்புங்கள். அவர் உச்சிக்குப் போக வேண்டாம், பனலாபானில் ஒரு மாலிமோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்