லண்டனில் இரண்டு நாள், ஐந்து இடங்கள்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். மகள் வீட்டுக்கு லண்டன் போகப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. டவர், பாலம், பிரிட்டிஷ் மியூசியம் எல்லாம் அவளே கூட்டிப்போய்க் காட்டிவிடுவாள். அவள் வேலைக்குப் போகிற நாட்களில் நீ மட்டும் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்றுதானே கேட்டாய்? ஐந்து இடம் சொல்கிறேன். ஐந்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. நான்கை ஒரே நாளில் நடந்தே முடிக்கலாம்.

அந்த நாளைப் புதன், வியாழன், வெள்ளி என்று வைத்துக்கொள். முதலில் போக வேண்டிய சர் ஜான் சோன் மியூசியம் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். சனி, ஞாயிறு என்றால், மற்ற மூன்று இடங்களும் இருக்கிற சிட்டி பகுதி, அதாவது வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த பழைய லண்டன், வெறிச்சோடிப் போகும். ஒரு காபி குடிக்கவும் கடை தேடி அலைய வேண்டும்.

சோன் மியூசியத்துக்கு ஹோல்பர்ன் ஸ்டேஷனில் இறங்கு. ஐந்து நிமிட நடையில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ், கதவு எண் 13. பழைய பேங்க் ஆஃப் இங்கிலாந்து கட்டிடத்தை வடிவமைத்த ஜான் சோன் வாழ்ந்த வீடு அது. தான் வைத்தது வைத்தபடியே இருக்க வேண்டும் என்று 1833-இல் பார்லிமென்டில் தனிச் சட்டமே கொண்டுவரச் செய்தார். 1837-இல் அவர் இறந்ததும் அது நடைமுறைக்கு வந்தது. காலை 10 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நின்றுவிடு. வீடுதானே, ஒரே நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் உள்ளே விட முடியும். தாமதித்தால் வரிசையில் நிற்க வேண்டும். நடைவழி குறுகல், கைக்கு எட்டுகிற தூரத்தில் சிலைகள். அதனால் பெரிய பையோடு உள்ளே போக முடியாது. கையை வீசிக்கொண்டு போ.

ஓவிய அறைதான் பலரும் கோட்டைவிடுகிற இடம். சின்ன அறை, நூற்றுக்கும் மேல் படங்கள். எப்படி என்றால், சுவர்கள் அலமாரிக் கதவு மாதிரி திறக்கும். உள்ளே இன்னொரு வரிசை மாட்டியிருக்கும். அப்பன் சொத்தை அழித்துக் கடைசியில் பைத்தியக்கார விடுதியில் போய் விழும் இளைஞனை ஓவியர் ஹோகார்த் எட்டுப் படங்களாக வரைந்தாரே, அந்த மூல ஓவியங்கள் இங்கேதான் இருக்கின்றன. கதவுகளைப் பணியாளர்தான் திறந்து காட்டுவார். நுழைந்ததுமே "அடுத்து எப்போது திறப்பீர்கள்?" என்று கேட்டுவிடு.

கீழ்த்தளத்தில் எகிப்து அரசன் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி இருக்கிறது. பெல்சோனி என்ற புதைபொருள் தேடி 1817-இல் கண்டெடுத்தது. பிரிட்டிஷ் மியூசியம் விலை அதிகம் என்று விட்டுவிட, 1824-இல் சோன் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். ஒளி ஊடுருவும் கல். எழுத்துப் பள்ளங்களில் ஒருகாலத்தில் நீலம் நிரப்பியிருந்தார்கள், பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. குனிந்து பார்.

அங்கிருந்து கிழக்கே, செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைத் தாண்டி, அரைமணி நடையில் போஸ்ட்மேன்ஸ் பார்க். பூங்கா சின்னதுதான். ஓரத்தில் ஒரு தாழ்வாரம், சுவரில் 54 பீங்கான் ஓட்டுப் பலகைகள். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மக்களுக்காக ஓவியர் வாட்ஸ் 1900-இல் தொடங்கிவைத்த நினைவிடம். கொத்தனாருக்குச் சிற்றாளாக இருந்தவரின் மகள் ஆலிஸ் அயர்ஸ், 1885-இல் எரியும் வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு இறந்தவள். அவள் பலகையைத் தேடிப் படி. அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் நகரம் முழுக்கச் சிலை இருக்கிற ஊரில், என்னைக் கேட்டால், இந்தச் சுவருக்குத்தான் முதல் மரியாதை.

அடுத்தது கில்ட்ஹால், சிட்டியின் பழைய நகர மண்டபம், பத்து நிமிட நடை. முற்றத்தில் தரைக்கல்லில் கருப்பாக ஒரு வளைகோடு ஓடும். முதலில் அதைப் பிடித்து ஒரு சுற்று நட. கீழே புதைந்திருக்கும் ரோமானியர் கால வட்டரங்கின் எல்லைதான் அது. ஆர்ட் கேலரி கட்டத் தோண்டியபோது 1988-இல் வெளிப்பட்டது. பிறகு கேலரிக்குள் போய் அடித்தளத்துக்கு இறங்கினால் வாயில் சுவர்களின் மிச்சமும் மர வடிகாலும் தெரியும். ஒன்று ஞாபகம் வை: விழா ஏதாவது நடந்தால் கேலரியை மூடிவிடுவார்கள். முதல் நாளே இணையதளத்தில் பார்த்துக்கொள்.

கடைசியாக லண்டன் மித்ரேயம், வால்புரூக் தெருவில், ப்ளூம்பெர்க் கட்டிடத்துக்கு அடியில். இதற்கு முன்பதிவு செய்துவிடுவது நல்லது. ரோமானியர் வழிபட்ட மித்ரா தெய்வத்தின் கோயில், சாலை மட்டத்துக்கு ஏழு மீட்டர் கீழே. 1954-இல் கண்டுபிடித்தார்கள், பெயர்த்து வேறிடத்தில் வைத்திருந்தார்கள், 2017-இல் பழைய இடத்துக்கு அருகிலேயே மீண்டும் அமைத்தார்கள். கோயிலை ஒளியும் புகையுமாகக் காட்டுவார்கள், அது அழகுதான். ஆனால் மேலே கண்ணாடிச் சுவரில் அடுக்கியுள்ள பொருள்களை அவசரமாகக் கடந்துவிடாதே. எழுத்து மரப்பலகைகளைத் தேடு. மெழுகு பூசி எழுத்தாணியால் எழுதுவார்கள். மெழுகு போய்விட்டது, எழுத்தாணி ஆழமாகப் பதிந்த இடங்களில் மட்டும் மரத்தில் கீறல் நிற்கிறது. அதை வைத்துத்தான் படித்திருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த ஒரு கடன் சீட்டில் கி.பி. 57, ஜனவரி 8 என்று தேதியே இருக்கிறது. இத்தனை காலம் மரம் மக்காததற்குக் காரணம் அங்கே ஓடிய ஓடை. ஈரச் சேற்றுக்குள் காற்று புகவில்லை.

ஐந்தாவது பெட்ரி மியூசியம், எகிப்தியப் பழம்பொருள்களுக்கானது, வேறொரு நாள் வைத்துக்கொள். பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து நடந்தே போகலாம், யூனிவர்சிட்டி காலேஜ் வளாகத்துக்குள் இருக்கிறது. பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும், நேரத்தைச் சரிபார். அங்கே எகிப்தில் தர்க்கான் என்ற ஊரில் கிடைத்த லினன் சட்டை ஒன்று உண்டு. 1913-இல் அழுக்குத் துணி மூட்டையாக வந்தது; 1977-இல் பிரித்துச் சுத்தம் செய்தபோதுதான் சட்டை என்றே தெரிந்தது. கார்பன் சோதனையில் கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்று வந்தது. தோளிலும் கையிலும் சன்னமான மடிப்புகள். முழங்கை, அக்குள் பக்கம் கசங்கலைப் பார்: யாரோ உடுத்திக் களைந்த உடை அது. உள்பக்கம் வெளியே இருக்கும்படி கிடந்ததால், தலைவழியே கழற்றியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

காலுக்கு நல்ல ஷூ போட்டுக்கொள், குடை கட்டாயம். சோன் வீட்டிலும் கில்ட்ஹாலிலும் இறங்கி ஏற வேண்டியிருக்கும், முழங்கால் வலி இருந்தால் இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு வைத்துக்கொள். எந்தத் தேதியில் கிளம்புகிறாய் என்று எழுது. மித்ரேயம் முன்பதிவை இங்கிருந்தே செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்