டைகருக்கு இப்போது கொஞ்சம் பரவாயில்லை

மக்களே,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே வெயில் கடுமை என்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் இருக்காதே.

டைகர் நேற்று இரண்டு வாய் சோறு தின்றான். அதற்கு முன் ஒரு வாரம் தொடவே இல்லை. ஓயாத வாந்தி, வெளிக்குப் போனது தார் மாதிரி கறுப்பு. கால்நடை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுமே, அந்தக் கிரியாட்டினின் 5.2. ஒன்றரைக்குள் இருக்க வேண்டுமாம். அந்தப் பெயரைக் கேட்டதும் உன் அப்பாவோடு கிடந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணுக்குள் வந்தது. அன்றைக்கே கார் பிடித்து ஆரல்வாய்மொழி வழியாக ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அவர்கள் சொன்னபடி இப்போது இங்கேயே தினமும் டிரிப் ஏற்றுகிறோம். பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, ஊசி குத்திய முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறேன். அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடக்கிறான். சாளைத் தலையும் கருவாடும் இனி கூடவே கூடாதாம். சோற்றில் முட்டை வெள்ளைக்கரு மட்டும் பிசைந்து கொடுக்கிறேன். திங்கட்கிழமை ரத்தம் எடுத்ததில் 3.4.

கேட்ட அன்றே பணம் அனுப்பினாய். டாக்டரிடம்கூடச் சொன்னேன், என் மகன் அனுப்பினான் என்று. ஆனால் இனி அனுப்பாதே. ரப்பர் ஷீட் விற்ற காசு இருக்கிறது. கீழ வீட்டுப் பையன் ஊருக்கே வந்துவிட்டான், அவன் கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்களாம். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடி. மூன்று வாரமாகக் குரல் மட்டும்தான் வருகிறது, கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். சரி. பத்து வருஷம் முன்னால் அட்டைப் பெட்டியில் நீ கொண்டுவந்து விட்ட நாய், அதற்காவது முகத்தைக் காட்டியிருக்கலாம்.

இல்லை, உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. மழையில் அவன் பின்னங்காலை நொண்டினான். நான் முட்டுவலிக்குப் போடுகிற டைக்ளோஃபினாக்கை மட்டிப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். ஒன்றல்ல, மூன்று நாள், மூன்று மாத்திரை. என் கையிலிருந்து வாலாட்டிக்கொண்டு வாங்கித் தின்றான். எனக்குக் கேட்கிற மருந்து அவனுக்கும் கேட்கும் என்று நினைத்தேன். நாம் போடுகிற வலி மாத்திரை நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியாது. மருந்தகத்தில் "வேறு ஏதாவது கொடுத்தீர்களா" என்று கேட்டபோது இல்லை என்றேன். ராமையன்பட்டியில்தான், இரண்டாவது தடவை கேட்ட பிறகு சொன்னேன். டாக்டர் ஏசவில்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. உன்னிடமும், அவனுக்கு வயசாச்சு, அதனால்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை அவன் காதருகே வைக்கிறேன், பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுப் பார். என்னை ஏச வேண்டுமென்றால் ஏசு. வேறு எதுவானாலும் சொல்லு மக்களே. வரவேண்டும் என்றாலும் வா. மாடி அறையைப் பெருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

அம்மா