ஹெட் கோச் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? டாலஸ் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

டாலஸ் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் பள்ளி மாவட்டத்திலிருந்து உங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம்) ஹெட் கோச் விலகிவிட்டார், புதியவர் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு சர்வே. நம் வாட்ஸப் குழுவில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான வகுப்பு பற்றி யாராவது கேட்டால் ஐந்து நிமிடத்தில் முப்பது பதில் வரும். இந்தச் சர்வேயைப் பகிர்ந்தவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் அவர் மனைவி போட்டது.

'நம்ம பிள்ளை டென்னிஸ்தானே ஆடுது' என்று விட்டுவிடாதீர்கள். டெக்சாஸில் பல பள்ளிகளில் ஃபுட்பால் ஹெட் கோச்தான் பள்ளியின் மற்ற விளையாட்டுகளுக்கும் பொறுப்பாளர். வாலிபால் ஆடும் உங்கள் பெண்ணின் கோச்சுக்கும் அவர்தான் மேலாள். மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் பிள்ளைக்கு ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாம் அந்த மைதானத்தில்தான். ஊர்ப் பணமும் அங்கேதான் போகிறது. ஆலன் நகரத்தில் 2012-ல் திறந்த பள்ளி மைதானத்துக்குச் செலவு 6 கோடி டாலர், இருக்கைகள் 18,000. இவ்வளவையும் கட்டிவிட்டு அதன் நடுவில் யாரை நிறுத்துகிறோம் என்று கேட்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு நானும் கேட்காதவன்தான். பையன் ஃபுட்பாலில் சேருகிறேன் என்றபோது ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சேர்ந்துவிட்டான். ஜேவி அணியில், அதாவது பள்ளியின் முதன்மை அணிக்கு அடுத்த அணியில், ரைட் கார்டு. பந்தைத் தொடவே மாட்டான். எதிரே வருகிறவனை மறிப்பதுதான் வேலை.

ஜேவி ஆட்டம் வியாழக்கிழமை சாயங்காலம். போன வருடம் அக்டோபரில் அப்படி ஓர் ஆட்டம், இரண்டாவது குவார்ட்டர். ஒரு மோதலுக்குப் பிறகு எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். கையில் தண்ணீர் பாட்டில், குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்லெட்டிக் டிரெய்னரான, அதாவது ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும், ஒரு பெண் அவன் முன்னால் குத்துக்காலிட்டு ஏதோ கேட்டார். அப்புறம் அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் மடக்கு நாற்காலிக்கு அடியில் வைத்தார். எனக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு அப்பா சொன்னார்: "ஹெல்மெட் கையில் இருந்தால் பசங்க திருட்டுத்தனமா உள்ளே ஓடிடுவாங்க."

ஹெட் கோச் வந்தார். "ஆடலாம்தானே?" என்று டிரெய்னரைக் கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. கோச் விடவில்லை. பையன் பக்கம் திரும்பி, "நீ நல்லாத்தானே இருக்கே?" "யெஸ் கோச்." டிரெய்னர் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஹெல்மெட்டும் நகரவில்லை.

காரில் ஏறியதும் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று முகத்தை மூடிக்கொண்டான். கன்கஷன், தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்ததால் வருவது. ஏன்டா பொய் சொன்னே என்றேன். "அவர்கிட்ட நோ சொன்னவன் யாரும் அடுத்த வாரம் ஆடினதில்லைப்பா."

அந்தக் கோச் சட்டத்தை மீறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்த மாணவனுக்கு ஆட்டம் கிடையாது, திரும்ப ஆட அனுமதி கொடுக்கும் அதிகாரம் கோச்சுக்கு இல்லை என்று டெக்சாஸ் 2011-லேயே சட்டம் போட்டுவிட்டது. பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யூ.ஐ.எல்., சீசனில் முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் தலைவலி இருப்பதை முதலில் பையன் வாய் திறந்து சொல்ல வேண்டுமே.

2008 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் ஒரு பள்ளி அணி கடும் வெயிலில் ஓட்டப் பயிற்சி எடுத்தபோது 15 வயதுப் பையன் ஒருவன் சுருண்டு விழுந்தான். மூன்றாம் நாள் இறந்தான். கோச் மீது குற்றவழக்கு நடந்தது. 2009-ல் ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. அது சட்டத்தின் கேள்வி, அதற்குப் பதில் வந்துவிட்டது. என் கேள்வி சின்னது. 'முடியல கோச்' என்று கை தூக்கும் பையனை நாளைக்கு வரப்போகிறவர் என்ன பார்வை பார்ப்பார்?

இப்படிக் கேட்டால் 'அப்போ ஜெயிக்க வேண்டாமா?' என்பார்கள். கலிஃபோர்னியாவில் கான்கார்டு என்ற ஊரில் டி லா சால் என்றொரு பள்ளி. பாப் லாடஸர் அங்கே ஹெட் கோச்சாக இருந்தபோது அணி 1992 முதல் 2003 வரை தொடர்ந்து 151 ஆட்டங்கள் ஜெயித்தது. மனிதர் வகுப்பறையில் சமயப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அவருடைய பையன்கள் வாரா வாரம் ஓர் அட்டையில் தன் இலக்கை எழுதி, கூட ஆடுகிறவன் எதிரே நின்று வாசித்து, அதற்கு அவனைப் பொறுப்பாக்குவார்கள். பதினாறு வயதுப் பையன்கள்! நம் வீட்டில் அந்த வயதில் 'சாப்டியா' என்றால் 'ம்' என்று பதில் வந்தாலே பெரிய விஷயம்.

ஆட்ட உத்தியைப் பற்றி நாம் பேச வேண்டாம், நமக்குத் தெரியாது. ஆர்கன்சாவில் கெவின் கெல்லி என்பவர் நாலாவது டவுனில், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் கடைசி வாய்ப்பில், பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து ஆடி, சாம்பியன் பட்டங்களையே வாங்கினார். அதெல்லாம் அவர்கள் பாடு.

சர்வேயில் நாலாவது பெட்டி காலியாக இருக்கும், 'வேறு கருத்து' என்று. நான் அதில் எழுதியது இது: நேர்காணலுக்கு வருகிறவரிடம் ஜெயித்த கணக்கை மட்டும் கேட்காதீர்கள். டிரெய்னர் ஒருவனை ஆட விடக் கூடாது என்று சொல்லி, அதனால் ஆட்டம் தோற்ற அனுபவம் உண்டா, மறுநாள் அந்தப் பையனிடம் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். பழைய பள்ளிக்குப் போன் செய்யும்போது பிரின்சிபாலிடம் பேசுவதோடு நிறுத்தாமல் அங்கிருந்த டிரெய்னரிடமும் பேசுங்கள். ஆட வாய்ப்பே அதிகம் கிடைக்காத மூன்றாம் வரிசைப் பையன் ஒருவனின் பெயரும், அவன் எந்தப் பாடத்தில் தடுமாறினான் என்பதும் இவருக்குத் தெரிந்திருந்ததா என்று விசாரியுங்கள். இங்கே ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் மூன்று வாரம் ஆட முடியாது. ஆகவே நட்சத்திர ஆட்டக்காரனின் மார்க்கை எல்லா கோச்சும் பார்ப்பார்கள். கடைசிப் பெஞ்சில் இருப்பவனின் மார்க்கைப் பார்த்தாரா என்பதுதான் விஷயம்.

பையனுக்கு இது கடைசி வருடம். நான் எழுதியதைக் காட்டினேன். படித்துவிட்டு, "கிராமர் மிஸ்டேக் இருக்குப்பா" என்று இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தான்.

சர்வே இந்த வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மூடுகிறது. மின்னஞ்சல் இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பாம் பக்கமும் ஒரு தரம் பாருங்கள். எனக்கு அங்கேதான் கிடந்தது.

அன்புடன்,
ஒரு ரைட் கார்டின் அப்பா